அப்கிரேடு செய்யப் போகிறீர்களா? முதலில் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியைப் பாருங்கள்!

கம்ப்யூட்டரின் திறனைக் கூட்ட வேண்டும் என்றவுடன் நம் நினைவுக்கு வருபவை ப்ராசசர், ராம், ஹார்ட் டிஸ்க், கிராபிக்ஸ் கார்டு ஆகியவைதான். பணத்தை எல்லாம் அவற்றிற்கே ஒதுக்குகிறோம். இவை அனைத்திற்கும் சோறு போடும் பொருள் ஒன்று கேபினட்டின் மூலையில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கிறது. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அதுதான் எஸ்.எம்.பி.எஸ். என்று நாம் அழைக்கும் பவர் சப்ளை.

நான் குடியிருப்பது அம்பத்தூரில். கம்ப்யூட்டர் பற்றி எழுதுகிறவன் என்று தெரிந்ததால் ஆவடி, திருமுல்லைவாயல், பூந்தமல்லி பக்கமிருந்தும் நண்பர்கள் தங்கள் கம்ப்யூட்டர்களைத் தூக்கிக் கொண்டு வருவார்கள். "புது கிராபிக்ஸ் கார்டு போட்டதிலிருந்து கேம் ஆடும்போது தானாக ஆஃப் ஆகிறது சார்" என்பார் ஒருவர். "ஹார்ட் டிஸ்க் இருக்கிறது என்கிறது, கொஞ்ச நேரத்தில் இல்லை என்கிறது" என்பார் இன்னொருவர். விண்டோஸை மீண்டும் நிறுவியிருப்பார்கள், வைரஸ் சோதனை செய்திருப்பார்கள், ராமைக் கூட மாற்றியிருப்பார்கள். கேபினட்டைத் திறந்து பார்த்தால் பல சமயம் குற்றவாளி அந்த மூலைப் பெட்டிதான்.

இந்தக் கட்டுரையில் அப்கிரேடு செய்வதற்கு முன் எஸ்.எம்.பி.எஸ்.ஸை எப்படிக் கணக்குப் போட்டுத் தேர்ந்தெடுப்பது என்று பார்ப்போம். கணக்கு என்றதும் பயப்பட வேண்டாம். பெருக்கலும் கூட்டலும் தெரிந்தால் போதும்.

எஸ்.எம்.பி.எஸ். என்ன செய்கிறது?

நம் வீட்டுக்கு வருவது 230 வோல்ட் ஏ.சி. மின்சாரம். கம்ப்யூட்டருக்குள் இருக்கும் பாகங்களுக்குத் தேவையானது 12 வோல்ட், 5 வோல்ட், 3.3 வோல்ட் டி.சி. மின்சாரம். ஒன்றை மற்றொன்றாக மாற்றித் தருவதுதான் எஸ்.எம்.பி.எஸ். வேலை. மஞ்சள் வயரில் 12 வோல்ட், சிவப்பு வயரில் 5 வோல்ட், ஆரஞ்சு வயரில் 3.3 வோல்ட் வரும். கறுப்பு வயர் கிரவுண்டு. புதிய பெட்டிகளில் எல்லா வயரையும் கறுப்பாகவே போட்டு விடுகிறார்கள். ஆனால் உள்ளே நடப்பது அதேதான்.

இந்த அளவுகள் 5 சதவீதத்திற்கு மேல் கூடவோ குறையவோ கூடாது என்பது ஏடிஎக்ஸ் விதி. அதாவது 12 வோல்ட் லைன் 11.4-க்குக் கீழே இறங்கக் கூடாது, 12.6-ஐத் தாண்டக் கூடாது. லோடு ஏறும்போது தரமில்லாத பெட்டியில் இந்த அளவு சரிகிறது. உடனே கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகிறது. அது பரவாயில்லை. பாதுகாப்புச் சுற்றுகள் இல்லாத பெட்டி பழுதாகும்போது வோல்டேஜ் மேலே எகிறினால், மதர்போர்டையும் ஹார்ட் டிஸ்க்கையும் சேர்த்துக் கொண்டு போய்விடும். மதர்போர்டைக் கடையில் வாங்கிவிடலாம். ஹார்ட் டிஸ்க்கில் இருக்கும் பிள்ளைகளின் போட்டோக்களை எந்தக் கடையில் வாங்குவது?

ஸ்டிக்கரில் உள்ள 450 வாட் எங்கே?

கேபினட் வாங்கும்போதே அதனுடன் ஒரு எஸ்.எம்.பி.எஸ். சேர்ந்து வருவது நம் ஊரில் நெடுநாள் வழக்கம். அதன் மேல் 450 வாட் என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கும். "450 வாட் சார், எது போட்டாலும் ஓடும்" என்று கடைக்காரரும் சொல்வார். பெரிய எழுத்தை விட்டுவிடுங்கள். அதன் பக்கவாட்டில் பொடி எழுத்தில் ஒரு கட்டம் இருக்கும். அதுதான் நாம் படிக்க வேண்டியது.

ஆவடி நண்பர் ஒருவர் கொண்டு வந்த பெட்டியில் இருந்த கட்டத்தை அப்படியே தருகிறேன்.

3.3 வோல்ட் - 20 ஆம்பியர்
5 வோல்ட் - 22 ஆம்பியர்
12 வோல்ட் - 16 ஆம்பியர்
மைனஸ் 12 வோல்ட் - 0.5 ஆம்பியர்
5 வோல்ட் ஸ்டாண்ட்பை - 2 ஆம்பியர்

வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட் கிடைக்கும். வரிசையாகப் பெருக்கினால் 66, 110, 192, 6, 10. எல்லாவற்றையும் கூட்டினால் 384 வாட்தான் வருகிறது. ஸ்டிக்கரில் சொன்ன 450 எங்கே போனது? தவிர, எல்லா லைன்களும் ஒரே நேரத்தில் முழு அளவு தரும் என்ற உத்தரவாதமும் அந்தப் பெட்டியில் இல்லை.

இதில் நமக்கு முக்கியமானது 12 வோல்ட் வரி. பென்டியம் 3 காலத்தில் ப்ராசசருக்கான மின்சாரம் பெரும்பாலும் 5 வோல்ட், 3.3 வோல்ட் லைன்களிலிருந்து சென்றது. 2000-ல் பென்டியம் 4 வந்தபோது ப்ராசசருக்கென்று தனியாக 4 பின் 12 வோல்ட் கனெக்டர் வந்தது. அதன் பிறகு சுமை முழுவதும் 12 வோல்ட் பக்கம் சாய்ந்துவிட்டது. இன்றைய கம்ப்யூட்டரில் ப்ராசசர், கிராபிக்ஸ் கார்டு இரண்டுமே 12 வோல்ட் லைனில்தான் வாழ்கின்றன. ஆகவே மேலே சொன்ன பெட்டியை நான் 450 வாட் பெட்டி என்று சொல்ல மாட்டேன். 192 வாட் பெட்டி என்றுதான் சொல்வேன்.

நல்ல பெட்டியின் லேபிளில் 12 வோல்ட் லைன் மட்டுமே மொத்த வாட்டின் அருகில் வந்துவிடும். உதாரணமாக 550 வாட் என்று போட்டிருந்தால், 12 வோல்ட் லைனில் 40 ஆம்பியருக்கு மேல் இருக்கும். கடையில் நின்று கொண்டே செல்போன் கால்குலேட்டரில் இதைச் சரிபார்த்து விடலாம்.

உங்களுக்கு எத்தனை வாட் தேவை?

அந்த ஆவடி நண்பரின் கம்ப்யூட்டரையே உதாரணமாக எடுத்துக் கொள்வோம். ப்ராசசர் இன்டெல் கோர் ஐ5 12400. மகனுக்காக என்விடியா ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டு போட நினைக்கிறார்.

ப்ராசசர்: இதன் அடிப்படை அளவு 65 வாட். ஆனால் டர்போ வேகத்தில் 117 வாட் வரை போகும் என்று இன்டெல் நிறுவனமே குறிப்பிடுகிறது. பெரிய எண்ணையே எடுத்துக் கொள்ளுங்கள்.

கிராபிக்ஸ் கார்டு: 170 வாட்.

மதர்போர்டு, ராம், ஃபேன்கள்: சுமாராக 50 வாட்.

ஒரு ஹார்ட் டிஸ்க், ஒரு எஸ்எஸ்டி: 20 வாட் என்று வைத்துக் கொள்ளலாம். ஹார்ட் டிஸ்க் ஓடும்போது 10 வாட்டுக்குள்தான் எடுக்கும். ஆனால் மோட்டார் சுழலத் தொடங்கும் முதல் சில நொடிகளில் அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் கேட்கும்.

கூட்டினால் 357 வாட். இதில் 300 வாட்டுக்கு மேல் 12 வோல்ட் லைனிலிருந்தே வர வேண்டும். நண்பரின் பெட்டி தருவதோ 192. இனி அது ஏன் அணைகிறது என்று விண்டோஸைத் திட்ட வேண்டியதில்லை அல்லவா?

கிடைத்த எண்ணுடன் பாதியளவு சேர்த்துக் கொள்ளுங்கள். 357-உடன் சுமார் 180 சேர்த்தால் 537. அதற்கு அடுத்து கடையில் கிடைக்கும் அளவு 550 வாட். இந்தக் கார்டுக்கு என்விடியா பரிந்துரைக்கும் அளவும் அதே 550தான். இவ்வளவு கூடுதல் எதற்கு? முதல் காரணம், கிராபிக்ஸ் கார்டுகள் கண் இமைக்கும் நேரத்திற்கும் குறைவான கணத்தில் தம் அளவைத் தாண்டி மின்சாரத்தை இழுக்கின்றன. 2022-ல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 விதிமுறை, பெரிய கார்டுகளுக்கான புதிய கனெக்டர் உள்ள பவர் சப்ளைகள் நொடியின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நேரத்திற்கு இரு மடங்கு சுமையைக் கூடத் தாங்க வேண்டும் என்கிறது. இரண்டாவது காரணம் நம் ஊர் வெயில். அதற்குப் பிறகு வருகிறேன்.

அதற்காக எல்லோரும் 750, 850 வாட் வாங்க வேண்டும் என்று அர்த்தமில்லை. கிராபிக்ஸ் கார்டே இல்லாமல் டைப்பிங், இன்டர்நெட், ஆன்லைன் வகுப்பு என்று இருப்பவருக்கு நல்ல தரத்தில் 400 அல்லது 450 வாட் தாராளம். ஜிடிஎக்ஸ் 1650, 2024-ல் வந்த ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி ஆகியவை 75 வாட்டுக்குள் அடங்குபவை. மதர்போர்டு ஸ்லாட் 75 வாட் வரை தரும் என்பதால் இவற்றில் பல மாடல்களுக்குத் தனி வயரே தேவையில்லை. பழைய எஸ்.எம்.பி.எஸ்.ஸை மாற்ற வசதி இல்லாதவர்கள், கார்டைத் தேர்ந்தெடுக்கும்போதே இப்படிப்பட்ட கார்டைப் பார்க்கலாம். அதற்கும் பெட்டியின் 12 வோல்ட் கணக்கு இடம் கொடுக்க வேண்டும்.

கனெக்டர்களை எண்ணிப் பாருங்கள்

வாட் சரியாக இருந்தும் வயர் இல்லாமல் திண்டாடுபவர்கள் உண்டு. வாங்கும் முன் கீழ்க்கண்டவற்றைச் சரிபாருங்கள்.

1. மதர்போர்டுக்கு 24 பின் கனெக்டர். பழைய பெட்டிகளில் 20 பின் மட்டுமே இருக்கும்.

2. ப்ராசசருக்கு 4 பின் அல்லது 8 பின் 12 வோல்ட் கனெக்டர். உங்கள் மதர்போர்டில் எது இருக்கிறது என்று பாருங்கள். இரண்டாகப் பிரியும் 4+4 வகை கிடைத்தால் இரண்டுக்கும் பொருந்தும்.

3. கிராபிக்ஸ் கார்டுக்கு 6 பின் அல்லது 8 பின் கனெக்டர். 6 பின் 75 வாட் தரும். 8 பின் 150 வாட் தரும். 6+2 என்று பிரியும் வகையே இப்போது வழக்கம்.

4. ஹார்ட் டிஸ்க், எஸ்எஸ்டி ஆகியவற்றிற்கு சாட்டா பவர் கனெக்டர். குறைந்தது மூன்று இருக்கட்டும்.

ஓர் எச்சரிக்கை. ப்ராசசரின் 8 பின்னும் கிராபிக்ஸ் கார்டின் 8 பின்னும் பார்வைக்கு அண்ணன் தம்பி போல இருக்கும். ஆனால் 12 வோல்ட்டும் கிரவுண்டும் இடம் மாறியிருக்கும். ஒன்றை மற்றொன்றில் அழுத்திச் செருகக் கூடாது. கனெக்டரின் மேலேயே எது எதற்கு என்று அச்சிட்டிருப்பார்கள், படித்துவிட்டுச் செருகுங்கள்.

அதேபோல, கார்டுக்கு 8 பின் வயர் இல்லை என்று ஹார்ட் டிஸ்க் வயரிலிருந்து மாற்றித் தரும் கன்வர்ட்டர்களைக் கடையில் கொடுப்பார்கள். மலிவு எஸ்.எம்.பி.எஸ்.ஸில் இதை மாட்டினால் மெல்லிய வயர் சூடேறி உருகும் அபாயம் உண்டு. கார்டுக்கான வயரே பெட்டியில் இல்லை என்றால், அந்தக் கார்டுக்காகச் செய்த பெட்டி அது இல்லை என்று பொருள்.

நம் பகுதி மின்சாரத்திற்கு ஏற்றதா?

இணையத்தில் எஸ்.எம்.பி.எஸ். பற்றி வரும் விமர்சனங்களில் பெரும்பாலானவை, மின்சாரம் ஆடாமல் அசையாமல் வரும் ஊர்களில் எழுதப்பட்டவை. நம் கதை வேறு. பாடி, மண்ணூர்பேட்டை பக்கம் வீடுகளுக்கு நடுவிலேயே சிறு லேத் பட்டறைகள் உண்டு. 1964-ல் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டையை ஒட்டி வளர்ந்த தெருக்கள் இவை. மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது பக்கத்து வீட்டு டியூப் லைட் கண் சிமிட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். ஏப்ரல், மே மாத இரவுகளில் தெரு முழுக்க ஏசி ஓடும்போது வோல்டேஜ் இறங்குவதும் நமக்குப் புதிதல்ல.

எனவே எஸ்.எம்.பி.எஸ். லேபிளில் "ஏசி இன்புட்" என்ற வரியைப் படியுங்கள். 100 முதல் 240 வோல்ட் வரை என்று இருந்தால், அது ஆக்டிவ் பிஎஃப்சி என்ற சுற்று உள்ள பெட்டியாக இருக்க வாய்ப்பு அதிகம். வோல்டேஜ் நன்றாக இறங்கினாலும் அது சமாளிக்கும். 200 முதல் 240 வரை என்று மட்டும் இருந்தால் அதற்கு அவ்வளவு பொறுமை கிடையாது. நம் பகுதிக்கு முதல் வகையே நல்லது.

பழைய பெட்டிகளின் பின்புறம் 115, 230 என்று எழுதிய சிறு சிவப்பு ஸ்விட்ச் இருக்கும். அது எப்போதும் 230-ல்தான் இருக்க வேண்டும். துடைக்கும்போது கை பட்டோ, குழந்தைகள் விளையாட்டாகவோ 115-க்குத் தள்ளிவிட்டு ஆன் செய்தால் பட்டென்று வெடித்து விடும்.

அடுத்து இன்வர்ட்டர். தமிழகத்தில் மின்வெட்டு உச்சத்தில் இருந்த 2012-ல் சென்னையில் தினமும் 2 மணி நேரம் மின்வெட்டு. மற்ற மாவட்டங்களில் அதைவிடப் பல மணி நேரம் கூடுதல். அந்த ஆண்டுகளில் வாங்கிய இன்வர்ட்டர்கள் பல வீடுகளில் இன்னும் ஓடிக் கொண்டிருக்கின்றன. அவற்றில் பல ஸ்கொயர் வேவ் வகை. ஃபேனும் லைட்டும் ஓடும். ஆனால் ஆக்டிவ் பிஎஃப்சி உள்ள புதிய எஸ்.எம்.பி.எஸ். இந்த மின்சாரத்தில் உறுமலாம், அணைந்து போகலாம். எஸ்.எம்.பி.எஸ். பழுது என்று நினைத்துக் கடைக்கு ஓடாதீர்கள். கம்ப்யூட்டருக்கு ப்யூர் சைன் வேவ் இன்வர்ட்டர்தான் ஏற்றது.

கரன்ட் போன கணத்தில் இன்வர்ட்டரோ யுபிஎஸ்ஸோ எவ்வளவு சீக்கிரம் கைகொடுக்கிறது என்பதும் முக்கியம். தரமான எஸ்.எம்.பி.எஸ். மின்சாரம் நின்ற பிறகும் சுமார் 16 மில்லி விநாடி தாக்குப் பிடிக்கும்படி வடிவமைக்கப்பட்டிருக்கும். சாதாரண யுபிஎஸ் 10 மில்லி விநாடிக்குள் மாறிவிடுவதால் கம்ப்யூட்டர் அணையாது. மலிவுப் பெட்டியில் அந்தத் தாக்குப் பிடிக்கும் கெப்பாசிட்டர் சிறியது. அதனால்தான் யுபிஎஸ் இருந்தும் சிலர் வீட்டில் கரன்ட் போனவுடன் கம்ப்யூட்டரும் போகிறது.

யுபிஎஸ்ஸையும் ஒருமுறை பார்த்துக் கொள்ளுங்கள். 600 விஏ என்று எழுதியிருக்கும் சிறு யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்தான் தரும். நம் ஆவடி நண்பரின் கம்ப்யூட்டர் முழு வேகத்தில் ஓடினால் சுவரிலிருந்து 400 வாட்டுக்கு மேல் இழுக்கும். மகன் கேம் ஆடும்போது கரன்ட் போனால் அந்த யுபிஎஸ் அலறிவிட்டு அணைந்துவிடும். கிராபிக்ஸ் கார்டு போடுபவர்கள் 1000 விஏ அளவுக்கும் சேர்த்தே பட்ஜெட் போடுவது நல்லது.

தொட்டால் சுர்ரென்கிறதா?

"கேபினட்டைத் தொட்டால் லேசாக ஷாக் அடிக்கிறது. எஸ்.எம்.பி.எஸ். மாற்றினால் சரியாகிவிடுமா?" இதுவும் அடிக்கடி வரும் கேள்வி. பெரும்பாலும் மாற்றியும் சரியாகாது. ஏனென்றால் குறை பெட்டியில் இல்லை, வீட்டு எர்த்தில் இருக்கிறது. மின் இரைச்சலை வடிகட்டுவதற்காக எஸ்.எம்.பி.எஸ்.ஸில் சிறு கெப்பாசிட்டர்கள் ஃபேஸ் லைனிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் உலோகக் கூட்டுக்கு இணைக்கப்பட்டிருக்கும். எர்த் சரியாக இருந்தால் அந்தச் சிறு கசிவு மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் கூட்டின் மேல் ஏறத்தாழ 115 வோல்ட் மிதக்கும். அந்தக் கசிவு மிகச் சிறியது என்பதால் சுர்ரென்பதோடு நிற்கிறது. ஆனால் எஸ்.எம்.பி.எஸ். உள்ளே உண்மையிலேயே பழுதானால் முழு 230 வோல்ட்டும் கூட்டுக்கு வரும். அன்றைக்குக் காப்பாற்ற எர்த் மட்டும்தான் உண்டு.

எலக்ட்ரீஷியனை அழைத்து, கம்ப்யூட்டர் மாட்டும் பிளக் பாயின்ட்டில் மூன்று அளவுகளை எடுக்கச் சொல்லுங்கள். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 வோல்ட் அளவு. ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே கிட்டத்தட்ட அதே அளவு. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஓரிரு வோல்ட். இப்படி வந்தால் நிம்மதி. இல்லையென்றால் எஸ்.எம்.பி.எஸ். வாங்குவதற்கு முன் எர்த்தைச் சரி செய்யுங்கள். மூன்றாவது பின்னை உடைத்துவிட்டு இரண்டு பின் பிளக்கில் கம்ப்யூட்டரை மாட்டுவது உயிரோடு விளையாடுவது.

புயலும் நமக்குப் பழகிப் போய்விட்டது. 2016 டிசம்பர் 12 அன்று வீசிய வர்தா, 2023 டிசம்பரில் அம்பத்தூர் தொழிற்பேட்டையை வெள்ளக்காடாக்கிய மிக்ஜாம் இரண்டையும் மறக்க முடியாது. இது போன்ற நேரங்களில் மரம் விழுந்து நியூட்ரல் வயர் அறுந்தால், வீட்டுக்குள் 230-க்குப் பதிலாக 400 வோல்ட்டை நெருங்கும் மின்சாரம் வரலாம். எந்த எஸ்.எம்.பி.எஸ்.ஸும் அதற்குத் தயாரானதல்ல. மழை, புயல் எச்சரிக்கை என்றால் ஸ்விட்சை அணைப்பது மட்டும் போதாது, பிளக்கையே உருவிவிடுங்கள். இன்டர்நெட் மோடத்தின் பிளக்கையும்தான். மின்சாரம் திரும்பியதும் லைட் வழக்கத்தைவிடப் பளிச்சென்று எரிகிறதா, ஃபேன் வேகமாகச் சுற்றுகிறதா என்று கவனியுங்கள். அப்படி இருந்தால் மெயினை அணைத்துவிட்டு, 2021-ல் மின்வாரியம் தொடங்கிய மின்னகம் சேவை மையத்திற்குப் புகார் சொல்லுங்கள்.

80 ப்ளஸ் என்றால் என்ன?

பெட்டியின் மேல் ப்ரான்ஸ், கோல்டு என்று முத்திரை பார்த்திருப்பீர்கள். 2004-ல் அமெரிக்காவில் தொடங்கிய 80 ப்ளஸ் திட்டத்தின் முத்திரைகள் இவை. சுவரிலிருந்து எடுக்கும் மின்சாரத்தில் எத்தனை சதவீதம் கம்ப்யூட்டருக்குப் போய்ச் சேருகிறது, எத்தனை சதவீதம் வெப்பமாக வீணாகிறது என்பதைச் சொல்பவை. அவர்களுடைய 115 வோல்ட் சோதனையில், பாதிச் சுமையில் ப்ரான்ஸ் 85 சதவீதமும் கோல்டு 90 சதவீதமும் தர வேண்டும்.

நம் பாக்கெட்டுக்கு இதில் என்ன? உள்ளே 150 வாட் தேவைப்படும் ஒரு கம்ப்யூட்டர் தினமும் 6 மணி நேரம் ஓடுகிறது என்று வைத்துக் கொள்வோம். 70 சதவீதத் திறனுள்ள மலிவுப் பெட்டி சுவரிலிருந்து 214 வாட் எடுக்கும். 85 சதவீதப் பெட்டி 176 வாட் எடுக்கும். வித்தியாசம் 38 வாட். இரண்டு மாத பில்லுக்கு 60 நாள் என்று கணக்கிட்டால் ஏறத்தாழ 14 யூனிட். உங்கள் மின் அட்டையில் கடைசி ஸ்லாபின் விலை என்னவோ அதால் பெருக்கிக் கொள்ளுங்கள். மூன்று நான்கு ஆண்டுகளில் கணிசமான தொகை திரும்பி வந்துவிடும்.

ஒன்றை மறக்க வேண்டாம். இந்த முத்திரை மின் சேமிப்பைப் பற்றியது. பாதுகாப்புக்கான சான்றிதழ் அல்ல. நம் நாட்டில் பாதுகாப்புக்குப் பார்க்க வேண்டியது பிஐஎஸ் பதிவு முத்திரை. அதில் ஆர் என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் எண் இருக்கும். பிஐஎஸ் கேர் என்ற செல்போன் ஆப்பில் அந்த எண்ணைக் கொடுத்தால் அது உண்மையான பதிவா என்று தெரிந்துவிடும்.

வெயிலையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று சொன்னேன் அல்லவா? கத்திரி வெயிலில் சென்னை 40 டிகிரியைத் தாண்டும். மேசைக்கு அடியில் சுவரோடு ஒட்டிய கேபினட்டுக்குள் இன்னும் அதிகம். எந்த வெப்பநிலையில் அந்த வாட் தரும் என்று நல்ல நிறுவனங்கள் தங்கள் விவரக் குறிப்பில் சொல்லிவிடும். 40 அல்லது 50 டிகிரி என்று போட்டிருந்தால் நம்பலாம். உள்ளே உள்ள கெப்பாசிட்டர்கள் 85 டிகிரி வகையா, 105 டிகிரி வகையா என்பதும் உண்டு. வெப்பம் 10 டிகிரி குறைந்தால் கெப்பாசிட்டரின் ஆயுள் இரட்டிப்பாகும் என்பது பொது விதி. ஆகவே 105 டிகிரி வகை பல ஆண்டுகள் கூடுதலாக உழைக்கும்.

ஆபீஸ் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் கவனத்திற்கு

ஐடி கம்பெனிகள் கழித்துக் கட்டும் டெல், எச்பி, லெனோவோ கம்ப்யூட்டர்களைச் செகண்ட்ஸில் வாங்கியிருப்பவர்கள் நம் பகுதியில் அதிகம். நல்ல சரக்குதான். ஆனால் கிராபிக்ஸ் கார்டு போடும் ஆசை வந்தால் உஷார். இவற்றில் பல மாடல்களில் 24 பின் கனெக்டரே கிடையாது. டெல் ஆப்டிபிளெக்ஸ் 3020, 7020, 9020 மாடல்களின் மதர்போர்டில் 8 பின்தான் இருக்கும். எச்பி எலைட்டெஸ்க் 800 வரிசையில் 6 பின். கடையில் கிடைக்கும் சாதாரண எஸ்.எம்.பி.எஸ். நேரடியாகப் பொருந்தாது. தனி அடாப்டர் வயர் வேண்டும். ஒல்லியான கேபினட் என்றால் பெட்டியே உள்ளே நுழையாது. இவர்கள் ஸ்லாட்டிலிருந்தே மின்சாரம் எடுத்துக் கொள்ளும் சிறிய கார்டோடு நிறுத்திக் கொள்வது புத்திசாலித்தனம்.

கடைக்குப் போகும்போது

ஆவடி, அம்பத்தூரிலிருந்து எலக்ட்ரிக் டிரெயினில் சென்ட்ரல் போய், அங்கிருந்து மெட்ரோவில் ஒரே ஸ்டேஷன் தள்ளி அரசினர் தோட்டத்தில் இறங்கினால் ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம்தான். உள்ளூர்க் கடையிலும் வாங்கலாம். எங்கே வாங்கினாலும் இவற்றைச் செய்யுங்கள்.

1. அட்டைப் பெட்டியில் வரும் தனி எஸ்.எம்.பி.எஸ். வாங்குங்கள். கேபினட்டுடன் இலவசமாக வருவதை நம்ப வேண்டாம்.

2. பிராண்டு பெயரை மட்டும் பார்க்காதீர்கள். ஒரே நிறுவனம் சாதாரண வரிசையும் நல்ல வரிசையும் விற்கும். மாடல் பெயரைக் குறித்துக் கொண்டு போய் அதையே கேளுங்கள்.

3. லேபிளில் 12 வோல்ட் ஆம்பியர், ஏசி இன்புட், பிஐஎஸ் எண் மூன்றையும் படியுங்கள்.

4. கையில் எடுத்துப் பாருங்கள். தரமான பெட்டி கனக்கும். இது மட்டுமே சோதனை ஆகாது. ஆனால் இறகு போல இருந்தால் சந்தேகப்படுங்கள்.

5. மூன்று அல்லது ஐந்து ஆண்டு வாரன்டி உள்ளதை வாங்குங்கள். ஜிஎஸ்டி பில்லில் சீரியல் நம்பரை எழுதித் தரச் சொல்லுங்கள். பில் இல்லாமல் விலை குறைத்துத் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

6. செகண்ட் ஹேண்ட் ப்ராசசர் வாங்கலாம், ராம் வாங்கலாம். எஸ்.எம்.பி.எஸ். மட்டும் புதிதாக இருக்கட்டும்.

பொருத்தும்போது

பிளக்கை உருவிய பிறகே கேபினட்டைத் திறக்க வேண்டும். பழைய வயர்களைக் கழற்றும் முன் செல்போனில் ஒரு போட்டோ எடுத்துக் கொண்டால் மாட்டும்போது குழப்பம் வராது. வயர் தனியாகக் கழலும் மாடுலர் வகை வாங்கியிருந்தால், புதிய பெட்டியுடன் வந்த வயர்களை மட்டும் பயன்படுத்துங்கள். பழைய பெட்டியின் வயர் அச்சாகப் பொருந்தினாலும் உள்ளே பின் வரிசை வேறாக இருக்கலாம். ஹார்ட் டிஸ்க் கருகிவிடும்.

எந்தக் காரணம் கொண்டும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். உள்ளே உள்ள பெரிய கெப்பாசிட்டரில் 325 வோல்ட்டும் அதற்கு மேலும் டி.சி. மின்சாரம் தேங்கியிருக்கும். பிளக்கை உருவிய பின்னும் அது சிறிது நேரம் இருக்கும். தூசி தட்ட வேண்டுமானால் வெளியிலிருந்தே ப்ளோயர் வைத்து ஊதினால் போதும். பழுதான மலிவுப் பெட்டியை ரிப்பேர் செய்து மீண்டும் மாட்டுவதும் வேண்டாம்.

மாட்டி முடித்ததும் பயாஸ் திரையில் ஹார்டுவேர் மானிட்டர் பகுதிக்குப் போய் 12 வோல்ட் அளவைப் பாருங்கள். பிறகு கேம் அல்லது கனமான சாஃப்ட்வேர் ஒன்றை அரை மணி நேரம் ஓட விடுங்கள். அணையாமல், கருகிய வாடை இல்லாமல், பின்புறம் வெதுவெதுப்பான காற்று மட்டும் வந்தால் வேலை முடிந்தது.

அப்கிரேடு பட்ஜெட் போடும்போது எல்லாவற்றையும் வாங்கிவிட்டு மிச்சப் பணத்தில் எஸ்.எம்.பி.எஸ். வாங்குவது நம் வழக்கம். இம்முறை பட்டியலைத் தலைகீழாக எழுதிப் பாருங்கள். முதல் வரியில் எஸ்.எம்.பி.எஸ். அதற்குப் பிறகு மற்றவை. கிராபிக்ஸ் கார்டு ஒரு படி குறைந்தால் கேம் சற்று மெதுவாக ஓடும், அவ்வளவுதான். எஸ்.எம்.பி.எஸ். ஒரு படி குறைந்தால் அந்தக் கார்டே இருக்காது. ப்ராசசரும் மதர்போர்டும் மாறினாலும், நல்ல பெட்டி ஒன்று அடுத்த கம்ப்யூட்டருக்கும் வேலை செய்யும். இன்றைக்கே கேபினட்டின் பக்கக் கதவைத் திறந்து, டார்ச் அடித்து, அந்தப் பொடி எழுத்துக் கட்டத்தைப் படியுங்கள். 12-ஐ எத்தனை ஆம்பியரால் பெருக்க வேண்டும் என்பது அதில்தான் இருக்கிறது.